இரவில் இட்ட சுர்மா: மருந்தாக இருந்த காலமும் இன்றைய கேள்வியும்



உம்றா முடித்து வருபவர்களின் பையில் ஸம்ஸம், பேரீத்தம்பழம், தஸ்பீஹ் ஆகியவற்றோடு சின்னச் சுர்மாச் சீசா ஒன்றும் வருவது நம் ஊர்களில் வழக்கம். வீட்டுக்கு வந்ததும் அது பெரியவர்களின் கண்ணோடு நிற்பதில்லை, தொட்டில் பிள்ளைக்கும் போகிறது. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் "பிள்ளைக்குப் பூச வேண்டாம்" என்கிறார். வீட்டில் மூத்தம்மா "சுன்னத்தான ஒன்றை ஏன் தடுக்கிறாங்க?" என்று கேட்கிறார். நடுவில் இளம் தாய் நிற்கிறாள். இருவரும் பிள்ளையின் நன்மைக்குத்தான் பேசுகிறார்கள். ஆகவே கோபப்படாமல் இந்தக் கறுப்புத் தூளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

கண்ணுக்கு மை இடும் வழக்கம் இஸ்லாத்துக்கு மிக முந்தியது. பண்டைய எகிப்தில் கண் சாயம் அரைப்பதற்கென்றே கல் பலகைகள் இருந்தன. கி.மு. 3100 அளவைச் சேர்ந்த புகழ்பெற்ற நார்மர் பலகையின் நடுவிலும் சாயம் அரைக்கும் வட்டக் குழி உண்டு. ஆரம்பத்தில் மலக்கைட் என்ற செப்புக் கனிமத்தின் பச்சை நிறத்தை அதிகம் பூசினார்கள். பின்னர் கலீனா என்ற கறுப்புக் கனிமம் முன்னுக்கு வந்தது. செங்கடல் கரையில் உள்ள கெபெல் ஸெயித் பகுதியில் அதைத் தோண்டி எடுத்தார்கள். ஆணும் பெண்ணும் பூசினார்கள். அழகு ஒரு காரணம், வெயிலும் தூசியும் கண்ணோயும் மறு காரணம். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பப்பிரசு என்ற மருத்துவச் சுருளில் கண் மருந்துகளுக்குத் தனி இடம் இருக்கிறது.

பரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் இருக்கும் எகிப்திய மைச் சிமிழ்களில் மீந்திருந்த தூளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பரிசோதித்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலீனாவோடு, இயற்கையில் எளிதில் கிடைக்காத இரண்டு ஈய உப்புகளும் அதில் இருந்தன. அவை வாரக் கணக்கில் நீரில் ஊறவைத்து, வடித்து, பொறுமையாகச் செய்தவை. 2010இல் வெளியான இன்னோர் ஆய்வு, அந்த ஈய உப்புகள் மிகச் சிறிய அளவில் தோல் கலங்களைத் தூண்டி, கிருமிகளை எதிர்க்கும் நைத்திரிக் ஒட்சைட்டைக் கூடுதலாகச் சுரக்கச் செய்வதைக் காட்டியது. முன்னோர்கள் காரணமில்லாமல் பூசவில்லை. ஆனால் அதே ஈயம் உடலுக்குள் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதை அளக்கும் வழி அவர்களிடம் இருக்கவில்லை.

இனி அரபு உலகத்துக்கு வருவோம். அரபியில் கண் மைக்கு 'குஹ்ல்' என்று பெயர். கண் மருத்துவருக்கு 'கஹ்ஹால்'. மை இடுபவரும் கண்ணுக்கு வைத்தியம் செய்பவரும் ஒருவரே என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. குஹ்ல் என்பது மிக நுண்ணிய தூளாக அரைக்கப்பட்டது என்பதால், அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய் முதலில் நுண் தூளையும், பிறகு எதையும் சுத்தமாக வடித்தெடுத்த சாரத்தையும் குறித்தது. கடைசியில் 'அல்கஹோல்' என்று ஆகி நின்றது. மையின் பெயர் மதுவுக்குப் போன கதை இது!

சுர்மா பற்றிய ஹதீஸ்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இத்மித் கல்லின் மை பார்வையைத் தெளிவாக்கும், இமை முடியை வளர்க்கும் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் அறிவிப்புகள் உண்டு. இரவில் உறங்கப் போகுமுன் இடுவதும் அறிவிக்கப்பட்டுள்ளது. இந்த 'இரவு' கவனிக்கத்தக்கது. பகலில் பிறர் காண இடுவது அலங்காரம். விளக்கணைத்துக் கண்ணை மூடும் நேரத்தில் இடுவதை யார் பார்ப்பார்? அது மருந்தாகவே இடப்பட்டது.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் செய்தி இதை இன்னும் தெளிவாக்குகிறது. கணவர் வபாத்தாகி இத்தா இருந்த காலத்தில் அவர்கள் ஸப்ர் பூசியிருந்தார்கள். ஸப்ர் என்பது கற்றாழையின் உலர்ந்த சாறு, நம் நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது முகத்துக்குப் பொலிவு தருவதால், இரவில் பூசிப் பகலில் அகற்றிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதிலும், இரவில் இட்டுப் பகலில் துடைக்கும்படி சொன்னதாக இமாம் மாலிக்கின் முஅத்தாவிலும் அறிவிக்கப்படுகிறது. தேவைக்கான மருந்து வேறு, அழகுக்கான பூச்சு வேறு என்ற பிரிவினை அன்றே இருந்தது.

அப்பாஸியர் காலத்தில் இந்த அறிவு பெரிய கலையாக வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலை அரபியில் எழுதினார். அதன்பின் அலீ இப்னு ஈஸா எழுதிய கஹ்ஹால்களுக்கான கைநூல் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணோய்களை வகைப்படுத்தியது. அம்மார் அல்மவ்ஸிலீ கண்புரையைத் துளையுள்ள ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். ஸ்பெயினில் அஸ்ஸஹ்ராவி தமது 30 பாகப் பெருநூலில் அழகுப் பொருட்களையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே சேர்த்தார்.

நமக்கு மிகவும் தேவையான பாடம் 12ஆம் நூற்றாண்டுச் சிரியாவில் இருக்கிறது. அஷ்ஷைஸரீ என்பவர் சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். இறைச்சிக்காரர் முதற்கொண்டு பல தொழில்களுக்கும் அதில் அத்தியாயங்கள் உண்டு. கஹ்ஹால்களைப் பற்றியும் பேசுகிறார். அவர்களை ஹுனைனின் நூலில் பரீட்சித்த பிறகே தொழில் செய்ய விட வேண்டும் என்கிறார். தெருவில் திரிந்து கண் மருந்து விற்பவர்களை நம்பக் கூடாது, மையிலும் கலப்படம் செய்கிறார்கள் என்று எச்சரிக்கிறார். சிந்தித்துப் பாருங்கள். சுர்மா சுன்னத் என்று நன்கறிந்த அந்தச் சமூகம், சீசாவுக்குள் இருப்பது என்ன என்று கேட்பதை மார்க்கத்துக்கு எதிரானதாக நினைக்கவில்லை. அதை ஓர் அதிகாரியின் கடமையாகவே வைத்தது.

இன்று சீசாவுக்குள் என்ன இருக்கிறது? இத்மித் என்பது அஞ்சனக்கல், அதாவது அந்திமனிக் கனிமம் என்று பலர் விளக்குகிறார்கள். ஆனால் பல நாடுகளில் சுர்மாவைப் பரிசோதித்தபோது திரும்பத் திரும்பக் கிடைத்தது கலீனா. கலீனா என்பது ஈய சல்பைட்டு. சுத்தமான கலீனாவின் எடையில் சுமார் 86 சதவீதம் ஈயம். இரண்டுமே கறுப்பு, இரண்டுமே மினுங்கும். வெளியே 'இத்மித்' என்று அச்சிட்டிருப்பதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

பெரியவரைவிடப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். பிள்ளை கண்ணைக் கசக்கும், அதே கையை வாயில் வைக்கும். விழுங்கும் ஈயத்தைச் சிறுவரின் உடல் பெரியவரைவிட 4 முதல் 5 மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், எலும்பில் தங்கும், கர்ப்பிணியிடமிருந்து கருவுக்கும் போகும். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. பின்னர் வகுப்பில் கவனம் நிற்காத, படிப்பில் பின்தங்கும் பிள்ளையாக அது நம் முன் வந்து அமரலாம். பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. அமெரிக்காவில் குஹ்லை அழகுசாதன நிறமியாகப் பயன்படுத்த அனுமதியே இல்லை.

முகப் பூச்சின் கதையும் இதே வழிதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், நம் நூல்களில் ஜாலீனூஸ், தேன்மெழுகையும் ரோஜா எண்ணெயையும் நீரையும் கடைந்து செய்த களிம்புதான் இன்றைய 'கோல்ட் கிரீம்' வகைக்கு மூத்தது என்பார்கள். அது தீங்கற்றது. ஆனால் வெள்ளை நிறத்துக்காக வெள்ளை நிற ஈயச் சேர்மம் பூசும் வழக்கமும் உரோம் காலத்திலிருந்தே கூட வந்தது. இன்று ஈயத்தின் இடத்தில் பாதரசம். இரவில் பூசிக் காலையில் வெளுக்கும் என்று விற்கப்படும் பெயர் தெரியாத கிரீம்கள் பலவற்றில் அது இருக்கிறது. 2013இன் மினமாட்டா உடன்படிக்கை அழகுப் பொருட்களில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தியது. இலங்கையும் அதில் இணைந்த நாடு. நிக்காஹ் நெருங்கும் பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கிரீம்களை வாங்கிக் கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே சில விடயங்களைத் தாழ்மையாகச் சொல்கிறோம். கைக்குழந்தைகளின் கண்ணுக்கு எந்த மையும் வேண்டாம். அது எந்தக் கடமையையும் விடுவதாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுர்மாவைத் தவிர்ப்பது நல்லது. பெரியவர்கள் இட விரும்பினால், ஈயம் இல்லை என்று ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டதா என்று விசாரித்து வாங்குங்கள். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் இடும் இன்றைய ஐலைனர், மஸ்காரா மருந்தல்ல. அவற்றை உறங்குமுன் கழுவிவிடுங்கள். இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளை அவை அடைத்து, கண்ணைச் சிவக்க வைக்கும். ஏற்கனவே பிள்ளைக்குத் தொடர்ந்து பூசி வந்தவர்கள் பயந்து ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவைப் பார்க்கலாம்.

மூத்தம்மாமார்களிடம் இதைச் சொல்லும்போது மரியாதையாகச் சொல்லுங்கள். அன்பினால்தான் அவர்கள் பூசினார்கள். அஷ்ஷைஸரீயின் கதையைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கு இதை எத்திவையுங்கள்.