பெயர் சொல்லிக் கேட்கும் வலையமைப்பு

உயர்தர வகுப்பில் ஐபி முகவரி படிப்பிக்கும்போது நாங்கள் சொல்வது இதுதான்: பொதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். அந்த முகவரியே வேண்டாம் என்றவர்களின் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1988இல் இணைய நெரிசலைக் கட்டுப்படுத்த வழி சொன்னவர் வேன் ஜேகப்சன். அவரே 2006 ஒகஸ்டில் கூகுளில் பேசும்போது வேறு ஒரு கேள்வி எழுப்பினார். மக்களுக்குத் தேவை உள்ளடக்கம். அது எந்தக் கணினியில் கிடக்கிறது என்பது யாருக்கு வேண்டும்? 2009இல் அவரும் பார்க் ஆய்வுகூடத்து நண்பர்களும் இதைக் கட்டுரையாக்கினார்கள். 2010இல் அமெரிக்க அரசின் நிதியில் பெரிய ஆய்வுத் திட்டமே தொடங்கியது.

வேலை செய்யும் விதம் எளிது. வேண்டிய பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். வழியிலுள்ள ரவுட்டரில் பிரதி இருந்தால் அதுவே கொடுத்துவிடும். கேட்டவரின் முகவரி பொதியில் இல்லவே இல்லை. அப்படியானால் அந்தரங்கம் பத்திரம்தானே? நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

ஆனால் பெயர் வெளியே தெரிகிறதே! ஒருவர் ஒரு நோயைப் பற்றித் தேடினால், இன்று அது மறைகுறியாக்கிய உறைக்குள் போகிறது. இங்கே உறையின் மேலேயே எழுதியிருக்கும்.

இதைவிடச் சிக்கல் அந்தச் சேமித்த பிரதிதான். சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையில் ஒரு மாதிரி வினாத்தாளைக் கேட்கிறோம். உடனே எடுத்துத் தந்தால், நமக்கு முன்னர் யாரோ கேட்டிருக்கிறார்கள். தேடி எடுத்து அச்சடித்தால், யாரும் கேட்கவில்லை. ரவுட்டரிலும் அப்படியே. சில மில்லிசெக்கன் வித்தியாசத்தை அளந்தால், அதே ரவுட்டரைப் பாவிக்கும் அயலவர் அண்மையில் எதைப் பார்த்தார் என்று ஊகிக்கலாம். ஊரில் பத்து வீடுதான் என்றால் ஆளையும் ஊகிக்கலாம்.

2012இல் ஆந்தனா என்ற திட்டம் வந்தது. டோர் போல, கோரிக்கையை உறைக்குள் உறையாக மூடி இடைத்தரகர் ரவுட்டர்களூடாக அனுப்பியது. பெயர் மறைந்தது; அந்த வழியில் பொதுப் பிரதியின் பயனும் மறைந்தது. 2013இல் வேறொரு குழு, கையில் பிரதி இருந்தாலும் இல்லாததுபோல் தாமதித்துக் கொடுக்கலாம் என்றது. வேகத்துக்காகக் கட்டியதை வேண்டுமென்றே மெதுவாக்குவது! எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அதில் நியாயம் உண்டு: பார்ப்பவருக்குத்தான் தாமதம், தொலைவிலிருந்து மறுபடி தரவை இழுக்கும் செலவு மிச்சம்.

இதே நேர அளவைத் தந்திரத்தை உலாவிகளில் செய்யலாம் என்று பெல்டனும் ஷ்னைடரும் 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்கள். குரோம் தனது சேமிப்பைத் தளத்துக்குத் தளம் பிரித்தது 2020இல்தான். உலாவி ஒருவருடையது, பிரிக்கலாம். ரவுட்டரின் சேமிப்பு ஊருக்கே பொது. வீட்டுக்கு வீடு அதைப் பிரித்தால், அயலவர் எடுத்த பிரதி நமக்கு உதவாது. அந்த உதவிக்காகத்தான் ரவுட்டரில் பிரதி வைத்ததே.