வயிற்று அறுவை மருத்துவம்: கட்டெறும்பு முதல் சரிபார்ப்புப் பட்டியல் வரை

வீட்டில் ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றால் ஊரிலிருந்து போன் மேல் போன் வரும். "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதுதான் முதல் கேள்வி. சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத நமக்கு இந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். ஆனால் உயிரைக் காத்தது கைராசிதானா என்று சரித்திரத்தைப் புரட்டினால் வேறு விடை கிடைக்கிறது.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். குடல் அடைத்துக்கொண்டால் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் கீறி, குடலை நான்கு விரற்கடை வெளியே எடுத்து, அடைப்பை நீக்கி, தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்கச் சொல்கிறது சுசுருத சம்ஹிதை. குடலில் ஓட்டை இருந்தால் கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலை மட்டும் கிள்ளிவிட்டுத் தலையை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். எறும்பு மிதிபடாமல் நடக்கச் சொல்லி வளர்த்த சமணக் குடும்பத்துப் பிள்ளை நான்; படிக்கும்போது மனசு சங்கடப்படத்தான் செய்தது. ஆனாலும் குடல் கசிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்பதை அன்றே கண்டுகொண்டார்களே, அதுதான் பெரிய விஷயம்.

மேல்நாட்டில் 1809-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரெய்ம் மக்டவல் என்ற மருத்துவர், ஜேன் கிராஃபோர்ட் என்ற அம்மாளின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கட்டியை எடுத்தார். மயக்க மருந்தே கிடையாது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாராம்! அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ஆனால் இப்படிப் பிழைத்தவர்கள் அபூர்வம். 1846-இல் ஈதர் மயக்கம் வந்து வலி போயிற்று, சீழ் போகவில்லை. 1867-இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமியைத் தடுக்கலாம் என்று எழுதிய பிறகுதான் வழி பிறந்தது.

அடுத்து வந்தது ரப்பர் கையுறை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹால்ஸ்டெட், 1890 வாக்கில் இதைச் செய்யச் சொன்னது நோயாளிக்காக அல்ல. கிருமிநாசினி பட்டு நர்ஸ் ஒருவரின் கைத்தோல் புண்ணானது, அவருக்காகத்தான். அது நோயாளியையும் காக்கிறது என்பது எப்போது தெரிந்தது? அவருடைய சீடர் பிளட்குட், 450-க்கு மேற்பட்ட குடலிறக்க ஆபரேஷன்களின் கணக்கை 1899-இல் வெளியிட்டபோது. சுமார் 17 சதவீதமாக இருந்த சீழ்த்தொற்று 2 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. வியாபாரத்தில் லாபம் எங்கிருந்து வந்தது என்று பேரேட்டைப் புரட்டினால்தானே தெரியும்? வைத்தியத்திலும் அப்படித்தான்.

இந்தக் கணக்கு வழியில் நம் தில்லிக்கும் ஓர் இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தார்கள். அதில் ஒன்று புது தில்லி, செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை. நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன், ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சா, பஞ்சும் ஊசியும் எண்ணிப் பார்த்தாச்சா என்று வாய்விட்டுக் கேட்பது, அவ்வளவுதான். லாரியில் சரக்கு ஏற்றும்போது நாம் செய்வதும் இதுதானே! 2009-இல் வந்த முடிவு: சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5-லிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்தன. இதய ஆபரேஷன் நீங்கலாகப் பலவகை ஆபரேஷன்களும் இதில் அடக்கம்.

1990-களில் டென்மார்க்கின் கெலட் என்ற மருத்துவர், குடல் ஆபரேஷன் ஆனவரைச் சீக்கிரம் எழுந்து நடக்கவும் சாப்பிடவும் வைத்தால் விரைவில் தேறுகிறார் என்று காட்டினார். நாம் பாசத்தில் "அசையாமல் படு" என்போம். டாக்டர் நடக்கச் சொன்னால் தடுக்காதீர்கள்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை கைராசியை விசாரிப்பதோடு நிற்காமல், "இங்கே சரிபார்ப்புப் பட்டியல் உண்டா? தொற்றுக் கணக்கு வைக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.