கொரோனா போயும் தூக்கம் வரலையா? காரணம் என்ன... எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

கொரோனா காலத்தில் தென்காசி மாவட்டம் புளியறை சோதனைச்சாவடி வழியாக வந்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். கேரளாவில் இருந்து வரும் வண்டியை நிறுத்தி, இ-பாஸ் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்றும் சோதித்தார்கள். காய்ச்சல் வெப்பமானியில் தெரிந்துவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் தொடரும் தூக்கப் பிரச்னை அதில் தெரியாது.

லாங் கோவிட்னா என்ன?

தொற்று ஏற்பட்டு 3 மாதம் ஆன நிலையிலும் அறிகுறிகள் இருந்து, அவை குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு நோய் காரணமாக இல்லாவிட்டால் அது லாங் கோவிட். 2021 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு தந்த விளக்கம் இது. லேசான தொற்று வந்து வீட்டிலேயே குணமானவர்களுக்கும் இது வரலாம்.

தூக்கம் எப்படி கெடுது?

சிலருக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. சிலர் நடுராத்திரியில் படபடப்போடு விழித்துக்கொள்வார்கள். இன்னும் சிலர் 8 மணி நேரம் தூங்கியும் அசதியோடுதான் எழுவார்கள்.

காரணம் என்ன?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. உடலில் அடங்காத அழற்சி, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் தடுமாற்றம், இருமல், மனப்பதற்றம் எனப் பல காரணங்கள் சேரலாம். ஸ்டீராய்டு மாத்திரையும் தூக்கத்தைக் கெடுக்கும். கொரோனா மட்டுமல்ல, 2006-ல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியாவும் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியால் தூக்கத்தைப் பறிக்கக்கூடியது.

அலட்சியம் ஏன் கூடாது?

புளியறை 'எஸ்' வளைவு தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இரவில் லாரி ஓட்டுபவர் ஒரு நொடி கண் அசந்தாலும் ஆபத்துதான். தூக்கம் கெட்ட நாளில் இரவு டிரிப்பைத் தவிர்ப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

* தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.
* மதியத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம்.
* உடம்பு தேறிய நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். மறுநாள் சோர்வு கூடும்.
* மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது, பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் சிகிச்சைதான்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

வாரத்தில் 3 இரவுக்கு மேல் தூக்கம் கெட்டால் தள்ளிப்போடாதீர்கள். 'எப்போ கொரோனா வந்தது' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு பிரச்னை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல உதவிக்கு 14416. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.