வெளிறிய குருதியின் வரலாறு: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1934 - 35ஆம் ஆண்டுகளில் இலங்கையைப் பீடித்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவ்வழிவின் பெரும்பகுதி கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளிலேயே நிகழ்ந்தது. மட்டக்களப்பு உள்ளிட்ட வரண்ட வலயத்திலோ மலேரியா ஆண்டுதோறும் வந்துபோன பழைய நோய். குழந்தைப் பருவத்திலேயே பன்முறை காய்ச்சலுற்றுத் தப்பியோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை வீங்கிய மண்ணீரலும் தீராச் சோகையுமாகும். கொள்ளைநோய் வரலாற்றில் இடம்பெற்றது; சோகை இடம்பெறவில்லை. இவ்விடைவெளியை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

சோகை என்பது தனியொரு நோயன்று. பல காரணங்களின் பொது விளைவு. குருதியிலுள்ள ஈமோகுளோபின் குறையும் நிலையே அது. கருவுறாப் பெண்களுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமும், கருவுற்றோருக்கு 11 கிராமும் பொதுவான எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. இரும்புச்சத்துக் குறைந்தால் செங்கலங்கள் சிறுத்து வெளிறும். போலிக் அமிலமோ விற்றமின் பி12ஓ குறைந்தால் அவை பருத்துவிடும். மலேரியாவில் அவை சிதைகின்றன. கொழுக்கிப்புழுத் தொற்றில் குருதியே இழக்கப்படுகின்றது. தலசீமியாவில் குறை பரம்பரையாக வருகின்றது. வெளிறல் ஒன்றாயினும் அதன் வரலாறுகள் பல.

வாவியின் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயல் பரந்த படுவான்கரை. போடியார்கள் பெரும்பாலும் எழுவான்கரைக் கிராமங்களில் வாழ, முல்லைக்காரரும் வயற்காரரும் வேளாண்மைக் காலத்தில் வயல்வாடிகளில் தங்கினர். நுளம்புக் கடிக்கும், வெறுங்காலால் மிதித்த ஈரமண்ணின் புழுக்களுக்கும் கூடுதலாக உட்பட்டோர் உழைத்தவர்களே. சோகை உழைப்பாற்றலைக் குறைத்தது. குறைந்த உழைப்பு கூலியையும், குறைந்த கூலி உணவையும் குறைத்தன. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் இலங்கையில் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் பெருந்தோட்டங்களையே மையமாகக் கொண்டது. ஏற்றுமதிப் பொருளாதாரத்துக்கு வேண்டிய உழைப்பாளியின் குருதியே முதலில் கவனிக்கப்பட்டது எனலாம்.

1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு ஆரம்பமாயிற்று. மலேரியா தணிந்தமை, 1949இல் தொடங்கிய கல்லோயா போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கும் வழிவகுத்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். ஆயினும் சில ஆண்டுகளுள் நோய் மீண்டும் பெருகிற்று. போர்க்காலத்திலும் வடக்கும் கிழக்கும் அதனால் வருந்தின. 2012இன் பின் உள்நாட்டுப் பரவல் நிகழாமையால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

மலேரியா அகன்றது, சோகை அகலவில்லை. மாதவிடாயும் மகப்பேறும் பெண்ணின் இரும்புச் சேமிப்பைக் கரைக்கின்றன. வாவி மீனும் இறாலும் நண்டும் தருகின்றது; நல்ல மீன் சந்தைக்குச் செல்ல, பிடித்தவரின் வீட்டில் சோறும் சொதியுமே எஞ்சுவதுண்டு. எல்லோரும் உண்டபின் உண்ணும் தாய்க்கு எஞ்சுவது அதனினும் குறைவு. உணவோடு அருந்தும் தேநீரும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றது.

சிகிச்சையின் வரலாறும் கவனத்துக்குரியது. சித்த மருத்துவம் இந்நோயைப் பாண்டு என வகுத்து, அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் முதலியவற்றை வழங்கியது. அன்னபேதி என்பது பெரசுச் சல்பேற்றேயாகும். இன்றைய இரும்புக் குளிசைகளிலும் இவ்வுப்புப் பயன்படுகின்றது. 1928இல் பம்பாய் சென்ற லூசி வில்ஸ், ஆலைத்தொழிலாளரான கர்ப்பிணிகளின் சோகை மதுவச் சாற்றால் குணமாவதைக் கண்டார். போலிக் அமிலத்தின் கண்டுபிடிப்புக்கு அது வித்திட்டது. ஆய்வுகூடத்துக்கு முன்பே வறியோரின் உணவில் அவர் காரணத்தைத் தேடினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று குடும்பநல மாதர் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் வழங்குகின்றனர். புழுநீக்க மருந்தும் 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டமும் துணைநிற்கின்றன. இவை பெரும் பேறுகளே. எனினும், வகையறியாது வழங்கும் இரும்பு எல்லாச் சோகையையும் தீர்க்காது; தலசீமியா நோயாளரின் உடலில் அது தேங்கித் தீங்கும் விளைக்கலாம். ஆகவே குருதிப் பரிசோதனை முதலில் வேண்டும். அதனோடு, பிடித்த மீனில் ஒரு பங்கு பிடித்தவரின் வீட்டிலேயே தங்குவதற்கேற்ற வருமானமும் வேண்டும். குளிசை குருதியைத் தேற்றும். அது மீண்டும் வெளிறாதிருக்கச் செய்வது சமூகத்தின் கடன்.