சொல்லடைவிலிருந்து தேடல் பக்கம் வரை

தேடுபொறியின் முடிவுப் பக்கத்தைக் கணினியின் வரலாற்றோடு மட்டுமே இணைத்துப் பார்ப்பது நம் வழக்கம். அதன் வேர் சொல்லடைவு மரபில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாரிசின் தொமினிக்கன் துறவிகள் தொகுத்த இலத்தீன் விவிலியச் சொல்லடைவு, ஒரு சொல் பயிலும் இடங்களை மட்டுமே சுட்டியது. பின்வந்த அடைவுகளே சொல்லை அதன் சூழலோடு தந்தன.

இம்மரபை இயந்திரத்திற்குக் கொண்டுவந்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1950களின் இறுதியில் அவர் வகுத்த முறையில், கட்டுரைத் தலைப்புகளின் முக்கியச் சொற்கள் ஒரே பத்தியில் அகரவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்; இருபுறமும் அண்டைச் சொற்கள். மொழியியலாளர் இன்றும் தரவகங்களை இவ்வடிவில் வாசிக்கின்றனர். எது பயனுள்ளது என்னும் தீர்ப்பு வாசிப்பவரிடமே இருந்தது.

1960களில் ஜெரார்டு சால்டன் உருவாக்கிய ஸ்மார்ட் அமைப்பு வேறு வழியில் சென்றது. வினாவுக்கும் ஆவணத்துக்குமான ஒப்புமையைக் கணக்கிட்டு, கூடியதை மேலே வைத்தது. ஆவணங்கள் பெருகியபின் இது தவிர்க்க இயலாததாயிற்று. ஆயினும் அகரவரிசையின் விதி வாசகர் அறிந்தது; தரவரிசையின் விதி அவர் அறியாதது.

இதன் விளைவைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோவாகிம்ஸ் குழு ஆராய்ந்து 2005இல் வெளியிட்டது. கூகுள் முடிவுகளின் வரிசையைப் பங்கேற்பாளர் அறியாமல் மாற்றிக் காட்டினர். பொருத்தத்தை அவர்கள் முற்றிலும் புறக்கணிக்கவில்லை. எனினும் மேலிடத்தில் இருந்ததற்கு அதன் தகுதிக்கு மிஞ்சிய சொடுக்குகள் கிடைத்தன. இடமே சான்றாகிவிட்டது.

பரிந்துரை அமைப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. 2000இல் மினசோட்டா ஆய்வாளர்கள், ஒரு திரைப்படம் ஏன் பரிந்துரைக்கப்படுகிறது என்பதை 21 வகைகளில் விளக்கிப் பார்த்தனர். ஒத்த சுவையுடையோர் அளித்த மதிப்பெண்களின் எளிய பட்டை வரைபடமே பயனரை மிகுதியும் இணங்கச் செய்தது. இணங்கச் செய்வதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

ஒரு சொல்வழக்கு பரவலானது என்பதற்குத் தேடல் முடிவின் முதற்பக்கத்தை ஆய்வேடுகளில் சான்றாகக் காட்டுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பக்கம் தரவகத்தின் மாதிரி அன்று. யாரோ வகுத்த வரிசையின் தலைப்பகுதி. அடைவை வாசிக்கும்போது நாம் தேர்ந்தெடுக்கிறோம். முடிவுப் பக்கத்தில் பெரும்பகுதித் தேர்வு நமக்கு முன்பே முடிந்திருக்கிறது.