கடற்கன்னிக்குக் கல்யாணம் நடந்ததா? திரைக்கு வந்த தேவதைக் கதைகளின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு படிவம் 4 மாணவர்களிடம், 'என் மனத்தைத் தொட்ட கதை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, ஆண்டர்சன் எழுதிய குட்டிக் கடற்கன்னியின் கதையை எடுத்துக்கொண்டாள். நல்ல தமிழ், பிழையே இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், கடற்கன்னி இளவரசனை மணந்து இன்பமாக வாழ்ந்தாள் என்று முடித்திருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, "மூலக்கதை இதுவல்ல" என்று ஓரத்தில் எழுதி, இரண்டு புள்ளிகளைக் குறைத்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாள். "டீச்சர், படத்துல கல்யாணம் நடக்குதே! அப்ப மூலக்கதைன்னா எது?" என்று கேட்டாள்.

"ஆண்டர்சன், கிரிம் சகோதரர்கள் எழுதினதுதான்மா மூலம். படம் எடுக்கறவங்க எல்லாத்தையும் இனிப்பா மாத்திடுவாங்க. ஸ்னோ ஒயிட்டையே எடுத்துக்கோ, கிரிம் கதையில அந்த மாற்றாந்தாய்க்குக் கிடைக்கிற தண்டனை எவ்வளவு பயங்கரம் தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புத்தகத்தோடு வந்தாள். கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பு முழுமையாக ஆங்கிலத்தில் 2014-இல் வெளிவந்திருக்கிறது. அதைத்தான் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். "டீச்சர், இதுல மாற்றாந்தாயே இல்லை. பெத்த அம்மாதான் கொல்லப் பார்க்கறாங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்னோ ஒயிட்: 1812, 1819, 1937

ஜெர்மனியைச் சேர்ந்த ஜேக்கப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் ஆகிய இருவரும் தங்கள் கதைத்தொகுப்பின் முதல் பாகத்தை 1812-இல் வெளியிட்டார்கள். அதில் 86 கதைகள் இருந்தன. அவர்கள் அதைக் குழந்தைகளுக்கான பரிசுப் புத்தகமாக மட்டும் நினைக்கவில்லை. மக்கள் வாயில் வழங்கிய கதைகள் அழிவதற்கு முன் அவற்றைத் திரட்டி வைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதனால் ஆய்வுக் குறிப்புகளும் சேர்த்தே அச்சிட்டார்கள். ஆனால் வாங்கியவர்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். 'இதையெல்லாம் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?' என்ற குறை எழுந்தது.

அதன் பிறகு வில்ஹெல்ம் பதிப்புக்குப் பதிப்பு கதைகளைத் திருத்திக்கொண்டே வந்தார். 1857-இல் வந்த ஏழாம் பதிப்புதான் இன்று பெரும்பாலும் மொழிபெயர்க்கப்படுவது. 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆள் அனுப்பியவள் பெற்ற தாய். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெற்றவள் பிரசவத்தோடு இறந்துபோகிறாள், கொல்ல நினைப்பவள் மாற்றாந்தாய் ஆகிறாள். ஒரு தாயே மகளின் அழகைக் கண்டு பொறாமைப்பட்டுக் கொலைக்குத் துணிவதைக் குடும்பத்தில் உட்கார்ந்து வாசிக்க முடியாது அல்லவா? ஆக, அனிமேஷன் என்ற ஒன்று பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, குடும்ப வாசகர்களுக்காகக் கதையை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது.

இப்போது திரைக்கு வருவோம். வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அது டிஸ்னி நிறுவனத்தின் முதல் முழுநீளப் படம். மாணவர்களே, 'உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி 1926-லேயே நிழலுருவங்களை வெட்டி ஒரு முழுநீளப் படம் எடுத்துவிட்டார்.

கிரிம் கதையில் அரசி மூன்று முறை மாறுவேடத்தில் வருகிறாள். முதல் முறை இடுப்புக் கச்சையை இறுக்குகிறாள், இரண்டாம் முறை நஞ்சுச் சீப்பு, மூன்றாம் முறை ஆப்பிள். படத்தில் ஆப்பிள் மட்டும்தான். கிரிம் கதையில் ஏழு குள்ளர்களுக்கும் பெயரே இல்லை. 1912-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நாடகமாக நடித்தபோதே அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். டிஸ்னி வேறு ஏழு பெயர்களை வைத்து, முணுமுணுப்பவன், தும்முபவன், கூச்சப்படுபவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணத்தையும் கொடுத்தார்.

அப்புறம் அந்த முத்தம். கிரிம் கதையில் முத்தமே கிடையாது! பிந்தைய பதிப்புகளில், கண்ணாடிப் பேழையைத் தூக்கிச் செல்லும் ஆட்கள் ஒரு புதரில் தடுக்கிவிட, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் விழிக்கிறாள். முத்தத்தால் கண்விழிப்பது அதே தொகுப்பிலுள்ள இன்னொரு கதையில், தூங்கும் அழகியின் கதையில், இருக்கிறது. முடிவில் கிரிம் கதையின் அரசி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளைப் போட்டு ஆடி ஆடியே செத்து விழுகிறாள். படத்தில் மலை உச்சியிலிருந்து விழுகிறாள். அவளை யாரும் தண்டிப்பதில்லை, இயற்கையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இவ்வளவு மென்மைப்படுத்தியும் என்ன ஆயிற்று தெரியுமா? 1938-இல் பிரிட்டன் தணிக்கைக் குழு அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. அன்றைய வழக்கப்படி, பெரியவர் துணையோடு வந்தால்தான் பிள்ளைகள் பார்க்கலாம் என்று பொருள். நாம் 'இனிப்பு' என்று சொல்லும் அதே படம், அன்றைக்குப் பயமுறுத்தும் படமாகத் தெரிந்திருக்கிறது.

சிண்ட்ரெல்லா: தவறான குற்றச்சாட்டு

'டிஸ்னி, சிண்ட்ரெல்லா கதையில் அக்காமார் கால்விரலை வெட்டிக்கொள்வதை மறைத்துவிட்டார்' என்று பலரும் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை.

1950-இல் வந்த டிஸ்னி படம், பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையைத் தழுவியது. பூசணிக்காய் வண்டி, தேவதை, கண்ணாடிக் காலணி எல்லாம் பெரோவின் கதையில் உள்ளவை. அவர் கதையில் யாரும் விரலை வெட்டுவதில்லை. சிண்ட்ரெல்லா அக்காமாரை மன்னித்து, அவர்களுக்கும் நல்ல இடத்தில் திருமணம் செய்துவைக்கிறாள். விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்வது, அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த கிரிம் கதையில். புறாக்கள் அக்காமாரின் கண்ணைக் கொத்தும் காட்சி 1812 பதிப்பில்கூட இல்லை, 1819-இல் சேர்க்கப்பட்டது. ஆகவே, 'பழைய கதை கொடூரமானது, புதியது மென்மையானது' என்ற சூத்திரத்தை நம்பிக் கட்டுரை எழுதினால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

டிஸ்னி செய்த மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரோவின் கதையில் வண்டி இழுக்கும் குதிரைகளாக மாறுவதோடு எலிகளின் வேலை முடிந்துவிடும். படத்தில் அவை ஜாக், கஸ் என்று பெயர் வாங்கி, உடை தைத்து, பூட்டிய அறையின் சாவியைப் படியேற்றிக் கொண்டுபோகின்றன. லூசிபர் என்ற பூனை வில்லனாகிறது. சில பக்கக் கதையை ஒரு மணி நேரத்துக்கும் மேலான படமாக நீட்ட வேண்டும் என்றால், சிரிக்கவும் பதறவும் பாத்திரங்கள் வேண்டுமே!

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் உறவுக்காரக் கதை ஒன்று நன்றாகத் தெரியும். அதுதான் பாவாங் பூத்தே, பாவாங் மேரா. அதில் இறந்த தாய் மீனாக வந்து மகளுக்குத் துணை நிற்பதாகச் சொல்வார்கள். சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யெ சியான் கதையிலும் ஒரு மீன் உண்டு, தொலைந்துபோகும் பொற்காலணியும் உண்டு. கிரிம் கதையில் தாயின் கல்லறையில் வளரும் மரம் உதவுகிறது. இந்தத் தாயின் இடத்தைத்தான் பெரோ ஒரு தேவதைக்குக் கொடுத்தார். டிஸ்னியும் அந்த வழியையே பின்பற்றினார்.

கடற்கன்னி: எடுத்துப் போட்டது எது?

இப்போது அந்த மாணவியின் கட்டுரைக்கு வருகிறேன். இந்தக் கதை வாய்மொழியாக வந்தது இல்லை. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் எழுதி வெளியிட்ட கதை. இங்கே 'மூலம்' என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆண்டர்சனின் கடற்கன்னி இளவரசனுக்காக மட்டும் ஏங்கவில்லை. கடல்வாசிகள் 300 ஆண்டு வாழ்வார்கள், பிறகு வெறும் நுரையாகிவிடுவார்கள், மனிதர்களுக்குத்தான் அழியாத ஆன்மா உண்டு என்று பாட்டி சொல்கிறாள். ஒரு மனிதன் முழுமனதோடு நேசித்து மணந்தால்தான் அவளுக்கும் ஆன்மா கிடைக்கும். அதற்காக நாக்கையே கொடுக்கிறாள். கால் கிடைக்கிறது, ஆனால் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அக்காமார் தங்கள் கூந்தலைக் கொடுத்து ஒரு கத்தியை வாங்கி வந்து, 'விடிவதற்குள் அவனைக் குத்திவிடு, நீ பிழைப்பாய்' என்கிறார்கள். அவள் கத்தியைக் கடலில் எறிகிறாள். நுரையாகி, பிறகு காற்றின் மகள்களில் ஒருத்தியாகிறாள். 300 ஆண்டு நற்செயல் செய்தால் ஆன்மா கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு கதை முடிகிறது.

1989-இல் வந்த டிஸ்னி படத்தில் ஆன்மா என்ற பேச்சே இல்லை. பாட்டியும் இல்லை. ஆண்டர்சன் கதையில் அதிகம் பேசாத தந்தை, படத்தில் மகளைக் கட்டுப்படுத்தும் கோபக்கார அரசராகிறார். விலை பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சூனியக்காரி, கடலையே ஆள நினைக்கும் வில்லியாகிறாள். மூன்று நாள் கெடு, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், கடைசியில் கப்பலை மோதி வில்லியைக் கொல்லும் இளவரசன், பிறகு கல்யாணம். சமயம் சார்ந்த ஓர் ஏக்கத்தின் கதை, தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான கதையாக மாறிவிட்டது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு அது பொருத்தம்தான்.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூலத்தில் மிகப் பெரிய முடிவை எடுப்பவள் கடற்கன்னி. கத்தி அவள் கையில் இருக்கிறது, எறிவதும் அவளே. படத்தில் கடைசி ஆபத்தைத் தீர்ப்பது இளவரசன் ஓட்டும் கப்பல். சோகமான முடிவு போனதைவிட, அந்த முடிவெடுக்கும் நிமிடம் போனதுதான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். நீங்கள் மறுக்கலாம். மறுத்து எழுதினால் அதுவே நல்ல வாதக் கட்டுரை.

'அனிமேஷன் என்றாலே சுப முடிவுதான்' என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் தோயெய் நிறுவனம் 1975-இல் இதே கதையை அனிமேஷனாக எடுத்தபோது சோக முடிவை அப்படியே வைத்துக்கொண்டது. மாற்றுவதும் விடுவதும் வரைபவரின் தேர்வுதான்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

ஒரு கதையைப் பற்றி எழுதும்போது, யார் சொன்னது, எந்த ஆண்டு, யாருக்காக என்ற மூன்றையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஸ்னோ ஒயிட் கதையில் முத்தம் வருகிறது' என்பது பாதி உண்மை. '1937-இல் வெளிவந்த டிஸ்னி படத்தில் முத்தம் வருகிறது, கிரிம் தொகுப்பில் இல்லை' என்று எழுதினால் யாரும் கோடு போட முடியாது.

அடுத்து, மாற்றத்தைச் சொன்னால் காரணத்தையும் சொல்லுங்கள். பெரும்பாலான மாற்றங்கள் நான்கு காரணங்களில் அடங்கும். ஒன்று, பார்ப்பவர்களில் சிறுவர்களும் இருப்பதால் கொடூரம் குறைகிறது. இரண்டு, படத்தின் நீளத்துக்காகத் துணைப் பாத்திரங்கள் சேர்கின்றன. மூன்று, மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வுகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. நான்கு, அந்தக் காலத்துக் குடும்பத்தின் கவலைகள் கதைக்குள் நுழைகின்றன.

ஆசிரியர்களே, வகுப்பில் ஒரே கதையின் இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது 'சரி' என்று கேட்காமல், எது போயிற்று, எது வந்தது, ஏன் என்று கேளுங்கள். படம் பார்த்த பிள்ளைக்குத்தான் இதில் பேச நிறைய இருக்கும். அந்தப் பிள்ளையின் வாயை நாம் அடைத்துவிடக் கூடாது.

அந்த மாணவியின் கட்டுரைத் தாளை மறுபடி வாங்கினேன். 'ஆண்டர்சன் எழுதிய' என்ற சொற்களை அடித்துவிட்டு, '1989-இல் திரைப்படமாக வந்த' என்று அவளையே எழுதச் சொன்னேன். குறைத்த இரண்டு புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்தேன்.