கொடிமுந்திரி நாட்டிலிருந்து மயிலைக்கு

மயிலைப் பகுதிப் பங்கொன்றில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்த வேளையில் சிறுவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "குடிக்கக் கூடாதென்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்கிறார். பிறகு பூசையில் அவரே ஏன் ஒயின் குடிக்கிறார்?" அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. தந்தையின் குடியால் அடுப்பெரியாத நாள்கள் அவன் வீட்டில் உண்டென்பதை நாம் அறிவோம். ஆகவே, அவ்வினாவுக்கு அவசர விடையொன்றைச் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி, வரலாற்றை நாடினோம்.

சாந்தோமிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள் வீரமாமுனிவரின் சிலையும் நம்மை எதிர்கொள்கிறது. தமிழறிஞராக அவரை நாம் போற்றுகிறோம். அவர் பிறந்த மண் எத்தகையது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி 1680-இல் வட இத்தாலியில், மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்தார். நம் புனிதர் ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. 1580-இல் அங்கு வந்த புனித சார்லஸ் பொரோமேயு, சிறுவன் ஞானப்பிரகாசிக்கு முதல் நற்கருணை அளித்தார்.

அவ்வூருக்கு வடக்கே இத்தாலியின் மிகப்பெரிய ஏரியாகிய கார்தா விரிந்து கிடக்கிறது. பனியாறுகள் பண்டு கொணர்ந்து குவித்த கல்லும் மண்ணுமே அதன் தென்கரைக் குன்றுகளாயின. ஏரி நீர் குளிரின் கடுமையைத் தணிப்பதால், அங்கே ஒலிவமும் திராட்சையும் செழிக்கின்றன. தென்கரையில் திரெபியானோ இனத் திராட்சையிலிருந்து 'லுகானா' என்னும் வெண்ணிற ஒயினும், கீழ்க்கரையிலும் வெரோனாக் குன்றுகளிலும் கொர்வீனா, ரொந்தினெல்லா ஆகிய கருந்திராட்சைகளிலிருந்து 'பர்தோலீனோ', 'வல்போலிசெல்லா' ஆகிய சிவப்பு ஒயின்களும் பிறக்கின்றன.

இத்தொழிலின் தொன்மை வியப்பூட்டுவது. மாந்துவாவை அடுத்துப் பிறந்த இலத்தீன் பெருங்கவி விர்ஜில், கிறிஸ்துவுக்கு முன்னரே, தம் உழவு நூலில் இப்பகுதியின் இரேத்திய ஒயினைப் புகழ்ந்தார். ஆறாம் நூற்றாண்டில் கோத்திய மன்னர்களின் அமைச்சராயிருந்த கசியோதோருஸ், அரசவைக்கு வெரோனா ஒயினை வாங்கி அனுப்பப் பணித்து எழுதிய மடலில், பழங்களை உலர்த்திக் குளிர்காலத்தில் பிழியும் முறையை விவரிக்கிறார். அம்முறை இன்றும் உயிரோடிருக்கிறது. பறித்த குலைகளைத் தட்டிகளில் பரப்பி, மூன்று நான்கு மாதம் காற்றில் உலர விடுகின்றனர். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்து, இனிப்பு திரண்டபின் பிழிகின்றனர். பொறுமையே அங்கு முதலீடு எனலாம்.

அந்நாட்டு உழவனுக்கு ஒயின் அப்பத்தோடு உண்ணும் அன்றாட உணவின் ஒரு பகுதி. ஆண்டவர் வாழ்ந்த பாலஸ்தீனத்திலும் நிலை அதுவே. இராவுணவில் அவர் கையிலெடுத்தவை, எளியோர் பந்தியிலும் இருந்த அப்பமும் இரசமுமே அன்றோ?

அத்தகைய நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே எவ்வாறு வாழ்ந்தார்கள்? திராட்சைக்குப் பேர்போன மோந்தேபுல்சியானோ நகரின் உயர்குடியைச் சார்ந்தவர் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி. 1606-இல் மதுரை வந்த அவர், தமிழ்த் துறவியர்போல் புலாலையும் மதுவையும் அறவே துறந்தார். பார்வை மங்கிய முதுமையில் மயிலையில் ஒரு குடிசையில் வாழ்ந்து, 1656-இல் இங்கேயே உயிர்நீத்தார். தம் உணவுப் பந்தியில் ஒயினை விலக்கிய அவர், பலிபீடத்தில் அதை விலக்கவில்லை. திராட்சை அரிதாயிருந்த இந்நாட்டில், பெரும்பாலும் கடல்வழி வந்ததைக் கொண்டே திருப்பலி நிறைவேறியிருக்க வேண்டும்.

அவர் வழியில் வந்த வீரமாமுனிவரோ 1726-இல் தேம்பாவணியைப் படைத்தார். 3,615 பாக்களாலாகிய அக்காப்பியத்தில் சூசையப்பரின் யூதேயா, வயலும் வாவியும் சூழ்ந்த தமிழகமாகவே காட்சி தருகிறது. திராட்சைக் குன்றுகளில் பிறந்தவர், தாம் விட்டு வந்த மண்ணைப் பாடாது, தம்மை ஏற்ற மண்ணைப் பாடினார்.

திராட்சையும் பின்னர் இம்மண்ணில் வேரூன்றியது. பண்டு நம் முன்னோர் கொடிமுந்திரி என்றழைத்த கனி அது. நம் தெருக்களில் தள்ளுவண்டியில் வரும் பன்னீர்த் திராட்சையை, 1832-இல் பிரெஞ்சு அருள்பணியாளர் ஒருவர் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு அதன் தாயகமாகிவிட்டது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அரசின் சட்டமும் இரு கிண்ணங்களை வேறுபடுத்தியே பார்த்தது. 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்; 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது; 1971-இல் தளர்த்தப்பட்டது. பூசை இரசத்திற்கென்றே 1984-இல் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. மறுபுறம், 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் மேற்கொண்டது. திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதியோ, திருப்பலி இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாகப் பெறப்பட்டதாயும் கெடாததாயும் இருக்க வேண்டுமென்று மட்டுமே கோருகிறது. விலையையோ புகழையோ அது பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு அச்சிறுவனிடம் தெ நொபிலியின் கதையைச் சொன்னோம். தம் கோப்பையைத் துறந்தவர் திருக்கிண்ணத்தை ஏந்தினார் என்றால், அவ்விரண்டும் ஒன்றல்ல என்பது தெளிவு. ஒன்று, பிறருக்காகத் தன் இரத்தத்தைச் சிந்தியவரின் நினைவு. மற்றது, தன் இன்பத்திற்காகப் பிறர் இரத்தத்தை உறிஞ்சக்கூடியது. அவன் அமைதியாகக் கேட்டான், தலையசைத்தான்.

அவன் வினாவுக்கு விடை சொல்லிவிட்டோம். எரியாத அவன் வீட்டு அடுப்புக்கு விடை சொல்லும் கடமை, அக்கிண்ணத்தைச் சுற்றி ஞாயிறுதோறும் கூடும் நம் அனைவருக்கும் உரியது. அதை நிறைவேற்றாதவரை, அச்சிறுவனின் கேள்வி நம்மை நோக்கி நின்றுகொண்டேயிருக்கும்.